அதே படம், வேறு வரிசை: ரே டிரேசிங் கோப்பு மாற்றி என்ன செய்கிறது?

பழைய சிடியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ ஒரு படக் கோப்பு அகப்படுகிறது. பெயரின் வால் கியூஆர்டி என்றோ எம்டிவி என்றோ ஐஎம்ஜி என்றோ இருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் எதைக் கொண்டு திறப்பது என்று கம்ப்யூட்டர் நம்மையே திருப்பிக் கேட்கிறது. கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த ரே டிரேசிங் மென்பொருள்கள் பலவும் தனக்கென்று ஒரு கோப்பு வடிவத்தை வைத்திருந்தன. அப்படிப்பட்ட கோப்பை வாங்கி, எல்லோரும் திறக்கிற வடிவத்தில் திருப்பித் தர, ஃபிளாப்பியின் ஒரு மூலையில் அடங்கிவிடும் அளவுக்குச் சின்னச் சின்ன இலவச மென்பொருள்கள் இருந்தன. அவற்றின் வாரிசுகள் இன்றும் கிடைக்கின்றன.

இந்த மாற்றிகள் செய்வது இரண்டே வேலைதான். ஒன்று, எண்களை எடுத்து வேறு வரிசையில் அடுக்குவது. இதில் படத்துக்குக் குண்டுமணி அளவு சேதாரமும் கிடையாது. இன்னொன்று, போகிற இடத்தில் எல்லாம் கொள்ளாதபோது எதை விடுவது என்று முடிவெடுப்பது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான் நடக்கும்: கோப்பைக் கொடுத்தோம், கோப்பு வந்தது. உள்ளே எது நடந்தது என்று தெரிந்திருந்தால்தான் வந்த படத்தை நம்பலாமா என்று சொல்ல முடியும்.

முதலில் ரே டிரேசிங் பற்றி இரண்டு வரி. ஒரு காட்சியை எழுத்தில் விவரிக்கிறோம்: இங்கே ஒரு கண்ணாடி உருண்டை, கீழே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, மேலே ஒரு விளக்கு. மென்பொருள் பார்ப்பவரின் கண்ணிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி, அது எதன் மேல் படுகிறது, அங்கிருந்து எங்கே தெறிக்கிறது, எப்படி வளைகிறது என்று கணக்குப் போட்டு அந்தப் பிக்சலின் நிறத்தைக் கண்டுபிடிக்கும். பிரதிபலிப்பு, ஒளி விலகல், நிழல் எல்லாவற்றையும் ஒரே முறையில் இப்படிக் கணக்கிடலாம் என்று 1980இல் டர்னர் விட்டட் எழுதிய கட்டுரைதான் இதன் தொடக்கப்புள்ளி. நமக்கு இங்கே வேண்டியது கடைசியில் வருவது மட்டும்: ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 640க்கு 480 என்றால் 3,07,200 பிக்சல்கள், 9,21,600 எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, அதாவது ஒரு பைட்.

அந்த எண்களைக் கோப்பில் எப்படி எழுதி வைப்பது? இதற்கு ஆளுக்கொரு வழி. அமிகா கம்ப்யூட்டரில் டிகேபிடிரேஸ் எழுதியவர் டேவிட் கே. பக், மென்பொருளின் பெயரே அவருடைய முதலெழுத்துகள்தான். பின்னாளில் அதன் மேல் கட்டப்பட்டதுதான் பாவ்-ரே என்ற இலவச ரே டிரேசர். மார்க் வான்டவெட்டரிங் எழுதியது எம்டிவி, அதுவும் பெயரின் முதலெழுத்துகளே; டிவி சேனலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டீவ் கோரெனின் கியூஆர்டி, ஸ்டீபன் காயின் விவிட், கிரெய்க் கோல்பின் ரேஷேட் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் ஒற்றை ஆள் முயற்சிகள். கதிர்க் கணக்கில்தான் அவர்களுடைய கவனம் முழுக்க. கோப்பு வடிவம் ஏதோ ஒன்று எழுதினால் போதும் என்ற நிலை.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய கணினியில் ஒரு படம் முடிய மணிக்கணக்காகும், சிக்கலான காட்சி என்றால் நாள்கணக்காகவும் ஆகும். எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருந்து கடைசியில் எழுதலாம் என்றால் அவ்வளவு நினைவகமும் இல்லை. நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் ஒரு வரி முடிந்ததும் அதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம். கோப்பு வடிவமும் அதற்குத் தோதாக இருக்க வேண்டியிருந்தது.

நாலு பிக்சலில் ஒரு படம்

இதை நேரிலேயே பார்த்துவிடலாம். இரண்டுக்கு இரண்டு, மொத்தம் நாலே பிக்சல் உள்ள ஒரு படம். மேல் வரியில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கீழ் வரியில் இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் வெள்ளை.

பிபிஎம் என்ற வடிவத்தில் இதை எழுதினால், முதலில் வாசிக்கக்கூடிய எழுத்திலேயே ஒரு தலைப்பகுதி வரும்: பி6 என்ற அடையாளம், அகலமும் உயரமும், உச்ச மதிப்பு 255. பிறகு எண்கள், மேலிருந்து கீழாக, சிவப்பு-பச்சை-நீலம் என்ற வரிசையில்:

255 0 0, 0 255 0
0 0 255, 255 255 255

தலைப்பகுதி 11 பைட், எண்கள் 12 பைட், மொத்தம் 23. இதைவிட நேரடியாக ஒரு படத்தை எழுத முடியாது.

அதே படம் டார்கா வடிவத்தில், அதாவது டிஜிஏவில். பின்னாளில் ட்ரூவிஷன் நிறுவனமான ஏடி அண்ட் டியின் ஒரு பிரிவு, தன் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்காக 1984இல் கொண்டுவந்தது இது. 18 பைட் தலைப்பகுதி, பிறகு எண்கள். ஆனால் இங்கே இரண்டு விஷயங்கள் தலைகீழ். நிறங்கள் நீலம்-பச்சை-சிவப்பு என்று வரும். வரிகளும், வேறு மாதிரி சொல்லாவிட்டால், கீழிருந்து மேலாக வரும்:

255 0 0, 255 255 255
0 0 255, 0 255 0

மேலிருந்து கீழாகக் கணக்குப் போடும் ரே டிரேசருக்குக் கீழ் வரியை முதலில் எழுதுவது தொல்லை. அதற்காகவே தலைப்பகுதியின் கடைசி பைட்டில் ஒரு பிட் இருக்கிறது. அந்த இடத்தில் 32 என்ற மதிப்பைச் சேர்த்தால், இந்தக் கோப்பு மேலிருந்து தொடங்குகிறது என்று பொருள். அதைக் கவனிக்காத மாற்றியில் போட்டால் படம் தலைகீழாக வந்து நிற்கும். உருண்டை தரையில் இல்லாமல் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் படங்களுக்கு, பத்தில் ஒன்பது முறை, இந்த ஒற்றைப் பிட்தான் காரணம்.

இங்கே ஒரு வேடிக்கை. மேலே உள்ள டார்கா எண்களை, எதையும் யோசிக்காமல் பிபிஎம் போல வாசித்துப் பாருங்கள். முதல் பிக்சல் 255 0 0, சிவப்பு. அடுத்தது வெள்ளை. கீழே 0 0 255, நீலம். அடுத்தது பச்சை. இடப்பக்கம் இரண்டு பிக்சலும் சரியாகவே வந்துவிட்டன! வரி மாறியது ஒரு தப்பு, நிறம் மாறியது இன்னொரு தப்பு. இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று அடித்துவிட்டன. வலப்பக்கத்தைப் பார்த்தால்தான் குட்டு உடைகிறது. மாற்றி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சமச்சீரான படத்தை எடுக்கவே கூடாது என்பது இதனால்தான். ஒரு மூலையில் மட்டும் எழுத்து இருக்கிற படம், எங்கேயோ ஒரு சிவப்புப் பொருளும் ஒரு நீலப் பொருளும் இருக்கிற படம், அதுதான் சோதனைக்கு ஏற்றது.

இப்போது கியூஆர்டி. தலைப்பகுதி வெறும் 4 பைட்: அகலம், உயரம், அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த வரியின் எண் 2 பைட்டில் இருக்கும். பிறகு அந்த வரியின் எல்லாச் சிவப்பும் சேர்ந்தாற்போல், எல்லாப் பச்சையும் சேர்ந்தாற்போல், எல்லா நீலமும் சேர்ந்தாற்போல்:

2 0, 2 0
0 0, 255 0, 0 255, 0 0
1 0, 0 255, 0 255, 255 255

மொத்தம் 20 பைட். வரி எண்ணைச் சேர்த்து எழுதுவதால், பாதியில் நின்ற கோப்பைப் பார்த்தாலே எந்த வரி வரை முடிந்தது என்று தெரிந்துவிடும்.

அந்த எண்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 640 என்ற எண் ஒரு பைட்டில் அடங்காது. 256ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 128. கியூஆர்டியும் டார்காவும் சிறியதை முதலில் வைத்து 128, 2 என்று எழுதும். விவிட் மென்பொருளின் ஐஎம்ஜி கோப்பு பெரியதை முதலில் வைத்து 2, 128 என்று எழுதும். மாற்றிப் படித்தால் 640 அகலப் படம் 32,770 அகலம் ஆகிவிடும். பழைய டாஸ் மாற்றிகள் சில 'நினைவகம் போதவில்லை' என்று சொல்லி நின்றுவிடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். நினைவகத்தின் மேல் ஒரு தப்பும் இருக்காது.

விவிட்டின் வடிவம் இன்னொரு வகையிலும் வேறுபட்டது. அது கொஞ்சம் சுருக்கி எழுதும்: ஒரே நிறம் அடுத்தடுத்து எத்தனை பிக்சல் வருகிறது என்ற எண்ணிக்கை, பிறகு அந்த நிறம் ஒரே ஒரு தடவை. பின்னணி முழுக்கக் கறுப்பு என்றால் அமோகமாகச் சுருங்கும். 640 பிக்சல் உள்ள கறுப்பு வரி 255, 255, 130 என்று மூன்று துண்டாகி 12 பைட்டில் முடிந்துவிடும். ஆனால் ரே டிரேசிங் படத்தின் பெருமையே மெல்ல மெல்ல மாறும் நிழல்தானே? பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் இரண்டும் கொஞ்சமாவது வேறுபடும். அப்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 3 பைட்டுக்குப் பதில் 4 பைட் ஆகி, சுருக்கப் போன கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும்.

அடையாளம் இல்லாத கோப்பு

பிஎன்ஜி, ஜிஃப் போன்ற வடிவங்களில் கோப்பின் தொடக்கத்திலேயே 'நான் இன்னார்' என்று சொல்லும் சில பைட்கள் உண்டு. கியூஆர்டிக்கும் எம்டிவிக்கும் பழைய டார்காவுக்கும் அப்படி எதுவும் இல்லை. டார்காவுக்கு 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் கோப்பின் கடைசியில் ஓர் அடையாளம் சேர்த்தார்கள். அதனால் மாற்றி பெரும்பாலும் கோப்புப் பெயரின் வாலை நம்புகிறது. பெயரை யாராவது மாற்றி வைத்திருந்தால் அதற்கும் வழி தெரியாது.

அப்போது கைகொடுப்பது கோப்பின் அளவு. 640க்கு 480 படத்தை எடுத்துக்கொள்வோம். எம்டிவி என்றால் 9,21,608 பைட். பிபிஎம் 9,21,615. சுருக்காத டார்கா 9,21,618. விண்டோஸின் பிஎம்பி 9,21,654. கியூஆர்டி 9,22,564. எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிந்தாலும் கடைசி இரண்டு மூன்று இலக்கம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அடையாளம் தெரியாத கோப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் அளவைத்தான், பெயரை அல்ல.

சரியாக 3,07,200 பைட்டில் மூன்று கோப்புகள் இருந்தால்? பாவ்-ரே, டிகேபிடிரேஸ் இரண்டிலும் 'ரா' என்று ஒரு வழி இருந்தது. சிவப்பு ஒரு கோப்பு, பச்சை ஒரு கோப்பு, நீலம் ஒரு கோப்பு, தலைப்பகுதியே கிடையாது. அகலம் எவ்வளவு என்பதை நாம்தான் மாற்றியிடம் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு பிக்சல் தப்பாகச் சொன்னால் படம் சாய்ந்து ஓடும். அந்தச் சாய்வைப் பார்த்தே அகலத்தைக் கூட்டிக் குறைத்துச் சரியான எண்ணுக்கு வந்துவிடலாம்.

ஜங்ஷனில் வண்டி மாறுவது

பத்து வடிவங்கள் இருக்கின்றன, எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் போக வேண்டும் என்றால், நேரடி மாற்றிகள் 90 வேண்டும். இருபது வடிவம் என்றால் 380. இதற்கு ஜெஃப் போஸ்கான்சர் கண்ட வழி எளிமையானது. எல்லோரும் ஜங்ஷனில் இறங்கி வண்டி மாறுவது போல, எந்த வடிவமும் முதலில் ஒரு நடு வடிவத்துக்கு வந்து, அங்கிருந்து வேண்டிய இடத்துக்குப் போகட்டும். அப்போது பத்து வடிவத்துக்கு 20 குட்டி மென்பொருள் போதும்; இருபதுக்கு 40. 1980களில், படத்தை மின்னஞ்சலில் எழுத்தாகவே அனுப்பத் தோதாக அவர் செய்த பிபிஎம் குடும்பம்தான் அந்த நடு வடிவம். 1988இல் வந்த அவருடைய பிபிஎம்பிளஸ் தொகுப்பு 1993இல் பலர் கைபட்டு நெட்பிபிஎம் ஆகி, இன்றும் லினக்ஸில் ஒரு கட்டளையில் நிறுவக் கிடைக்கிறது.

அதில் கியூஆர்டியை வாசிக்க ஒன்று, எம்டிவியை வாசிக்க ஒன்று, பிஎன்ஜி எழுத ஒன்று என்று நூற்றுக்கணக்கான குட்டி நிரல்கள். கட்டளை வரியில் ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் காதுக்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டு இணைத்துவிட்டால், கியூஆர்டி உள்ளே போய் பிஎன்ஜி வெளியே வரும்; நடுவில் பிபிஎம் டிஸ்க்கில் எழுதப்படுவதுகூட இல்லை. ஜன்னலும் பொத்தானும் இல்லாத இந்த வழி முதல் தடவை கொஞ்சம் மிரட்டும். ஆனால் நூறு கோப்பை ஒரே மூச்சில் மாற்ற வேண்டி வரும்போது இதன் அருமை தெரியும்.

எதை விடுவது?

இதுவரை பார்த்தது எல்லாம் அடுக்கு மாற்றும் வேலை. எண்கள் இடம் மாறின. ஒரு எண்ணும் காணாமல் போகவில்லை. 1990 வாக்கில் இந்த மாற்றிகளின் உண்மையான தலைவலி வேறு. படத்தில் ஒரு கோடியே 67 லட்சம் நிறம் வரை இருக்கலாம். அன்றைய பிசிகளில் இருந்த சாதாரண விஜிஏ திரை ஒரு நேரத்தில் காட்டுவது 256 நிறம். அந்த 256ஐயும் 2,62,144 நிறங்களிலிருந்து நாம் பொறுக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான் சலுகை. 1987இல் காம்புசர்வ் என்ற ஆன்லைன் சேவை நிறுவனம் கொண்டுவந்த ஜிஃப்புக்கும் 256தான் வரம்பு. ரே டிரேசர் இரவெல்லாம் உழைத்துத் தயாரித்த படத்தைத் திரையில் பார்க்கவே ஒரு மாற்றி தேவைப்பட்டது.

எந்த 256? பால் ஹெக்பர்ட் 1982இல் எழுதிய முறை ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. படத்தில் உள்ள எல்லா நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அச்சில் புள்ளிகளாக வைத்து, ஒரு பெட்டிக்குள் அடைக்கிறோம். எந்தப் பக்கம் பெட்டி நீளமோ, அந்தப் பக்கத்தில், இருபுறமும் பிக்சல் எண்ணிக்கை சமமாக வரும்படி இரண்டாக வெட்டுகிறோம். வெட்டிய பெட்டிகளை மறுபடி இதேபோல் வெட்டி, 256 பெட்டி ஆனதும் நிறுத்துகிறோம். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் சராசரி நிறம். அதிகம் வரும் நிறங்களுக்கு அதிகப் பெட்டி கிடைக்கும். படத்தின் முக்கால் பங்கு நீல வானம் என்றால் 256இல் பெரும்பகுதி நீலத்துக்கே போய்விடும். ஓரத்தில் இருக்கும் சின்னச் சிவப்பு உருண்டை மங்கலான ஒரு பழுப்பில் முடிவதும் உண்டு.

அப்படியும் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதை மறைக்க ஃபிளாய்ட், ஸ்டைன்பெர்க் இருவரும் 1976இல் சொன்ன தந்திரம் உதவும். ஒரு பிக்சலுக்கு வேண்டிய நிறம் இல்லை, கிட்டத்தட்ட ஒன்றைப் போட்டோம் என்றால், விட்டுப்போன வித்தியாசத்தை 16 பங்காக்கி, வலப்பக்கத்துக்கு 7, கீழ் வரியில் நேர் கீழே உள்ளதற்கு 5, அதன் இடப்பக்கத்துக்கு 3, அதன் வலப்பக்கத்துக்கு 1 என்று பிரித்துக் கொடுத்துவிடுவது. தள்ளி நின்று பார்த்தால் பட்டை தெரியாது, பொடிப் புள்ளிகள்தான் தெரியும். எனக்குக் கேட்டால், ரே டிரேசிங் படத்துக்கு இந்தப் புள்ளிகள் பட்டையை விட எவ்வளவோ தேவலை. பளிங்குபோல் இருக்க வேண்டிய உருண்டையில் புள்ளி விழுந்தால் அசிங்கம் என்று சொல்பவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று: 256 நிறமாக்கிய பிறகு அசல் எண்கள் போனது போனதுதான். அந்த ஜிஃப்பைத் திரும்ப டார்கா ஆக்கினால் கோப்பு மட்டும் பெரிதாகும், நிறம் திரும்பாது. ஜேபெக்கும் இப்படித்தான், வேறு வழியில் இழக்கிறது. கட்டம் போட்ட தரையின் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் தெரிவது அந்த இழப்புதான். இன்று சேமிக்க பிஎன்ஜி போதும். அது ஒரு எண்ணையும் தொடாது. பிஎன்ஜி பிறந்ததற்கே ஜிஃப்தான் காரணம். ஜிஃப்பில் உள்ள சுருக்கும் முறையின் காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994 கடைசியில், ஜிஃப் எழுதும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் என்று அறிவிப்பு வந்ததும் இலவசமாக எழுதிக் கொடுத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஜிடி என்ற பிரபலமான இலவச நூலகம் 1999இல் ஜிஃப் எழுதுவதையே கைவிட்டது. அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியான பிறகுதான் இந்தத் தொல்லை ஓய்ந்தது.

255க்கு மேலே

இன்றைக்கு இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. ரே டிரேசருக்கு 0, 255 என்ற எல்லையே கிடையாது. அது கணக்கிடுவது வெளிச்சத்தின் அளவை. விளக்கின் நேர் வெளிச்சம் சுவரை விட ஆயிரம் மடங்கு அதிகம் என்றால் எண்ணும் ஆயிரம் மடங்கு. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கட்டடங்களின் வெளிச்சத்தைக் கணிக்க ரேடியன்ஸ் என்ற மென்பொருளை எழுதிய கிரெக் வார்டுக்கு அந்த எண்களை வெட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு அவர் கண்ட வடிவம் அழகானது: ஒரு பிக்சலுக்கு 4 பைட். மூன்று நிறத்துக்கு மூன்று, மூன்றுக்கும் பொதுவான பெருக்கி ஒன்று. கோப்பு எச்டிஆர் அல்லது பிக் என்ற வாலோடு வரும்.

ஒரு ஆரஞ்சு விளக்கின் பிக்சல் சிவப்பு 6, பச்சை 3, நீலம் 0.75 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியன்ஸ் கோப்பில் இது 192, 96, 24, 131. திரும்ப எடுக்க, நாலாவது எண்ணில் 128ஐக் கழித்தால் 3. இரண்டின் 3ஆம் அடுக்கு 8. 192ஐ 256ஆல் வகுத்து 8ஆல் பெருக்கினால் 6. மற்ற இரண்டும் அப்படியே 3, 0.75 என்று வந்து விழும்.

இதைச் சாதாரணப் பிஎன்ஜிக்கு மாற்ற வேண்டும். அங்கே உச்சம் 1, அதாவது 255. வெறுமனே மேலே இருப்பதை வெட்டினால் சிவப்பு 255, பச்சையும் 255, நீலம், காமா திருத்தத்தோடு (திரை வெளிச்சத்தைக் காட்டும் விதத்துக்கு ஏற்ப நடு எண்களை உயர்த்துவது), 224. ஆரஞ்சு விளக்கு வெளிறிய கிரீம் நிறமாகிவிட்டது! முதலில் எல்லாவற்றையும் 6ஆல் வகுத்துவிட்டு மாற்றினால் 255, 186, 99. விளக்கு ஆரஞ்சாகவே இருக்கிறது. ஆனால் அறையின் மூலைகள் ஆறில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு இறங்கி இருண்டுவிடும். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை மாற்றியால் சொல்ல முடியாது. ரேடியன்ஸ் கூடவே வரும் குட்டி மாற்றிகளில் வெளிச்சத்தை ஏற்றி இறக்க ஓர் அமைப்பு, காமாவுக்கு ஓர் அமைப்பு என்று தனித்தனியே இருப்பது அதனால்தான். காமாவை மறந்தால் படம் முழுக்க மங்கிவிடும்: 186 வர வேண்டிய இடத்தில் 128தான் வரும். மாற்றிய படம் காரணமில்லாமல் இருட்டாக இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

திரைப்படத் துறையில் இந்த இடத்தை ஓப்பன்இஎக்ஸ்ஆர் பிடித்துக்கொண்டது. விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் 2003இல் வெளியிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட், உச்சம் 65,504. எச்டிஆரிலிருந்து இதற்குப் போனால் கண்ணுக்குத் தெரிகிற இழப்பு அநேகமாக இருக்காது.

எதைப் பயன்படுத்தலாம்?

விண்டோஸில் ஒன்றிரண்டு கோப்புதான் என்றால் எக்ஸ்என்வியூ போதும். சொந்த உபயோகத்துக்கு இலவசம், 500க்கும் மேற்பட்ட வடிவங்களை வாசிக்கும், பழைய ரே டிரேசர் வடிவங்கள் சிலவும் அதில் அடக்கம். டார்காவுக்கு இர்ஃபான்வியூவும் சரி. கட்டளை வரி பழகியவர்களுக்கு இமேஜ்மேஜிக் எம்டிவியை வாசிக்கும். விவிட்டின் ஐஎம்ஜி, உள்ளே பார்த்தால், 3டி மென்பொருள் நிறுவனமான ஏலியஸின் பிக்ஸ் கோப்பைப் போன்றதே. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மாற்றி அந்த பிக்ஸ் வடிவத்தைப் புரிந்துகொள்ளும் என்பதால் பெயரின் வாலை மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து டாஸ் மாற்றியையே ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு: இன்றைய 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது, பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் வேண்டும். இலவசமாகக் கொடுத்தவர் மூல நிரலையும் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஃப்ரீவேர் என்றால் காசு கேட்க மாட்டார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். நிரலைக் காட்டுவார்கள் என்று இல்லை. கோப்பு மாற்றியைப் பொறுத்தவரை எனக்குக் காசை விட நிரல்தான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பல வடிவங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆவணம் அந்த நிரல்தான்.

முன்பின் தெரியாத மாற்றி ஒன்றைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கியூஆர்டி கோப்பை அதனிடம் கொடுத்து பிஎம்பி ஆக்குங்கள். அந்த பிஎம்பியை நெட்பிபிஎம் மூலம் பிபிஎம் ஆக்குங்கள். அசல் கியூஆர்டியையும் நெட்பிபிஎம்மிலேயே நேராக பிபிஎம் ஆக்குங்கள். இப்போது இரண்டு பிபிஎம்மையும் லினக்ஸின் சிஎம்பி கட்டளையால் ஒப்பிட்டால், எந்தப் பைட்டில் முதல் வித்தியாசம் என்று சொல்லும். அது 1936 என்று சொன்னால், 16ஐக் கழித்து (தலைப்பகுதி 15 பைட், எண்ணிக்கை 1இல் தொடங்குவதால் இன்னொன்று) 3ஆல் வகுங்கள்: 640. அதாவது, 640 அகலப் படத்தில் முதல் வரி முழுக்கச் சரி, இரண்டாவது வரியின் முதல் பிக்சலிலேயே தடுமாறியிருக்கிறது. அந்த மாற்றியை எழுதியவர் முதல் வரியின் எண்ணை மட்டும் தாண்டிவிட்டு, அடுத்தடுத்த வரிகளுக்கு முன்னால் இருக்கும் 2 பைட்டைப் படத்தோடு சேர்த்துப் படித்துவிட்டார் என்று அர்த்தம்.